சிவப்புக் கல்லுக்கு ஒரு சாட்சி

ஜனவரி 9

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

இங்கே நான் கல்லுக் குண்டாட்டம் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் இடுப்பு கொஞ்சம் சண்டை போடும், வெந்நீர் ஊற்றினால் சமாதானமாகிவிடும். உன் முழங்கால் எப்படி? லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தானே உன் மகன், அவனை நான் விசாரித்ததாகச் சொல். போனில் பேசலாம் என்றால் உன் காதுக்கு எட்டுவதில்லை. நீ "ஆங், ஆங்" என்பதைக் கேட்கவா நான் போன் போடுவது? அதனால்தான் எழுதுகிறேன். மூணாங் கிளாஸ் எழுத்து, பொறுத்துப் படி.

நான் அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பயப்படாதே, புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. பேத்தி தையல் வேலை செய்கிறாள் அல்லவா, அவள் ஒரு கூட்டத்துக்கு உடுப்பு தைக்கிறாள். ஊருக்கு வெளியே பழைய கற்கோட்டை ஒன்று இருக்கிறது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே இருந்தவர்களைப் போல உடுத்தி, நடந்து, பேசிக் காட்டுவார்களாம். வருடத்தில் ஒரே நாள். ஆயிரம் பேர் பார்க்க வருவார்களாம். டயர்க் கடைக்கு மேலே ஒரு கூடத்தில் ஒத்திகை. பஸ் கண்டக்டர்தான் ராஜா. சபை கூடியதும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அவர் வாயில் தானாக வந்துவிடுகிறது. பல் டாக்டர் குதிரைக்குப் புல் போடுகிறார். பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

எனக்குக் கொடுத்திருப்பது ராஜாவைத் தூக்கி வளர்த்த தாதி வேஷம். என் புருஷன் அரண்மனைக் குதிரைக்காரனாம்.

யார் எந்த நகை போடலாம் என்பதற்கு ஒரு நோட்டு இருக்கிறது. ராஜா வீட்டுப் பெண்களுக்குத் தங்கமும் சிவப்புக் கல்லும். மந்திரி வீட்டுக்குத் தங்கம் உண்டு, கல் கிடையாது. வியாபாரி வீட்டுக்கு வெள்ளி. வேலைக்காரிக்குக் கண்ணாடி மணியும் சங்கு வளையலும், அவ்வளவுதான். நோட்டை வைத்திருப்பவள் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். கண்ணாடியம்மா என்று நான்தான் பெயர் வைத்தேன்.

நம் அம்மாவும் பெரிய வீட்டில் பிள்ளை பார்த்தவள்தானே. அந்த வீட்டம்மா கொடுத்த சிவப்புக் கல் ஒற்றைத் தோட்டை நினைத்துக்கொண்டேன். அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நான் எதுவும் சொல்லவில்லை. பறவைத் தலைக் கைப்பிடி வைத்த என் கறுப்புக் குடையைப் பற்றியும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். படி இறங்காதே.
அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். உன் இடுப்புக்கு வெந்நீரோடு கொஞ்சம் உப்பும் போட்டுப் பார்.

முழங்கால் பரவாயில்லை. இடது பக்கம் மட்டும் மடக்கும்போது கடக்கென்று ஒரு சத்தம். டாக்டர் நடக்கச் சொல்கிறார். எங்கே நடப்பது, கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில்தான். குளிர் வேறு.

நீ தாதியாக நிற்பதை நினைத்துப் பார்க்கிறேன். அந்த மூக்குத்தியோடு நீ நின்றால் ராணி பக்கம் யார் திரும்புவார்கள்? அதைக் கழற்றிவிடாதே, அக்கா.

உன் சின்னவள்


பிப்ரவரி 15

சின்னவளுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. இப்போது இடுப்பு நலம், மனசுதான் நலமில்லை.

நேற்று நகைச் சோதனை. எல்லோரும் வரிசையாக நிற்க, கண்ணாடியம்மா நோட்டும் கையுமாக வந்தாள். ராணியின் காதில் பிளாஸ்டிக் கண்டுபிடித்தாள். ராஜாவின் கைக்கடிகாரத்தைப் பிடுங்கினாள். என் முன்னால் வந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் மூக்கையே பார்த்தாள். "இது சிவப்புக் கல்லாச்சே. கழட்டிருங்கம்மா" என்றாள்.

இது நாற்பத்தாறு வருடமாகக் கழலாத மூக்குத்தி, என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது என்றேன். அவள் கோபமே படவில்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். "நீங்க வாழ்றது வேற, இங்க நிக்கறது வேற. உங்க புருஷன் குதிரைக்காரன். குதிரைக்காரன் சிவப்புக் கல் வாங்கமாட்டாம்மா."

அதே பேச்சு, அதே தொனி. என் நிச்சயத்தன்று அம்மா நாலு பேர் நடுவில் சொன்னாளே, "ஒரு குண்டுமணித் தங்கத்துக்கு வக்கில்லாத லாரிக்காரன்" என்று, நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது பதினாறு. பச்சைப் பாவாடை கட்டியிருந்தாய், ஓரத்தில் இரண்டு இடம் தையல் விட்டிருந்தது. அவர் தலை குனிந்து தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே நான் சொன்னேன், இந்த வீட்டு நகை ஒன்று கூட என் உடம்பில் ஏறாது என்று. சொன்னபடி இருந்தேன். அம்மா போய்ச் சேர்ந்த அன்று, தோட்டை அவள் போட்டு வைத்திருந்த ஊசி டப்பாவைத் திறந்து பார்த்தது எடுத்துக்கொள்ள இல்லை, இருக்கிறதா என்று பார்க்கத்தான். காலி. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். இரண்டு மாதம் கழித்து அவர் லாரி ரசீதில் மடித்துக் கொண்டுவந்து இதைக் கொடுத்தார். அந்த வாரமே மூக்குக் குத்திக்கொண்டேன். எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கிக் காட்டினேன் என்று உனக்குத் தெரியும்.

நோட்டில் ஒரு விலக்கு இருக்கிறதாம். வேலைக்காரிக்கு எசமானி கையால் கொடுத்த நகை என்றால் ஒன்றே ஒன்று போடலாம். அதற்கும் வெறும் வாய்ப்பேச்சு போதாதாம். அப்படி ஒரு நகை ஒரு வீட்டில் உண்மையாகவே இருந்தது என்று பார்த்தவர் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு அது எதற்கு? இது எசமானி கொடுத்ததில்லை. என் புருஷன் வாங்கியது.

ஒன்று கவனித்தேன். நான் தோட்டைப் பற்றி எழுதினால் நீ முழங்காலைப் பற்றி எழுதுகிறாய்.

குளிருக்குக் காலுறை போடு.
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் மனசு சமாதானமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பெரிய வீட்டு எசமானி கொடுத்தது என்றே சொல்லிவிட்டால் என்ன? வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன். அத்தான் இருந்திருந்தால் "சொல்லிட்டுப் போ" என்றுதான் சொல்லியிருப்பார்.

இன்று வெயில் நன்றாக அடிக்கிறது. தலையணை எல்லாம் காயப் போட்டிருக்கிறோம்.

உன் சின்னவள்


மார்ச் 10

சின்னவளுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. பொய் எழுதித் தருகிறேன் என்கிறாய். தோட்டை எடுத்தவளுக்குப் பொய் ஒன்றும் பெரிசில்லைதான். என் வீட்டுக்காரர் வாங்கியதை வேறு ஒருத்தி கொடுத்தாள் என்று என் வாயால் சொன்னால், அவரை இரண்டாம் தரம் தலைகுனிய வைத்தவள் நானாகிவிடுவேன்.

பேசாமல் விலகிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். ராஜா சண்டைக்குப் புறப்படுகிறார். மந்திரி தடுக்கிறார், ராணி தடுக்கிறாள், கேட்கவில்லை. தாதி உள்ளே வருகிறாள். சபை மொத்தமும் எழுந்து நிற்கிறது. ராஜா குனிந்து என் காலைத் தொடுகிறார். நான் நாலு வரி பேச வேண்டும். நெட்டுருப் போட்டுவிட்டேன், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். எத்தனை வீட்டில் பாத்திரம் தேய்த்தேன், எத்தனை பிள்ளைக்குப் பீ மூத்திரம் அள்ளினேன். நான் உள்ளே வந்ததற்காக ஒருவர் எழுந்து நின்றதில்லை. ஒத்திகையில் அந்தக் கண்டக்டர் பிள்ளை குனிந்தபோது எனக்கு இரண்டாவது வரி வரவில்லை.

அதனால் கழற்றிவிடப் போகிறேன். ஒரு நாள்தானே. திருகாணி இறுகிக் கிடக்கிறது, கையால் வராது. அடுத்த வாரம் நகைப் பத்தரிடம் போகிறேன்.

அக்கா


மார்ச் 19

சின்னவளுக்கு,

உன் பதில் வருவதற்குள் மறுபடி எழுதுகிறேன்.

பத்தர் கடைக்குப் பேத்திதான் கூட்டிப் போனாள். பத்தர் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு திருகாணி சொன்னபடி கேட்டது. மூக்குத்தி வெளியே வந்ததும் மூக்கில் காற்றுப் புகுந்தது போல இருந்தது. அவர் அதைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாட்டி, இது மூக்குத்தியா செஞ்சது இல்ல. தோடு" என்றார். கல்லும் கல்லைச் சுற்றியிருக்கும் தங்கமும் நல்ல பழசாம், பெரிய வீட்டு வேலையாம். காதுத் தண்டை வெட்டிவிட்டு மூக்குக்கு மெல்லிய தண்டு ஒட்டியிருக்கிறதாம். தண்டும் திருகாணியும் வேறு தங்கம், வேறு கை வேலை என்றார். வெட்டின தழும்பை எனக்கும் காட்டினார். பார்த்தேன்.

திரும்பும்போது பேத்தி பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அது தீப்பெட்டியில் என் முன்னால் இருக்கிறது. மூக்கில் ஏறிய பிறகு இத்தனை வருடத்தில் அதை நான் நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மூக்கில் இருப்பதை யார் பார்க்க முடியும், பார்க்கிறவர்கள் எல்லாம் மற்றவர்கள்தானே.

இது என்ன என்று சொல். இந்த முறை முழங்காலைப் பற்றி எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 12

சின்னவளுக்கு,

உயிரோடு இருக்கிறாயா? மருமகளிடம் போனில் கேட்டேன், இருக்கிறாய் என்றாள். சந்தோஷம். பதில் வரவில்லை. மூக்கில் ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று துடைப்பக் குச்சி செருகி வைத்திருக்கிறேன்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

ஆறு முறை எழுதிக் கிழித்தேன். இது ஏழாவது.

அது அம்மாவின் தோடுதான். பெரிய வீட்டுப் பையன் ஜோடியில் ஒன்றைக் கிணற்றில் போட்டுவிட்டான், மிச்சம் இருந்ததை அந்த வீட்டம்மா அம்மாவுக்குக் கொடுத்தாள். அந்தக் கதை உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். போவதற்கு நாலு நாள் முன்னால் அம்மா ஊசி டப்பாவை என் மடியில் வைத்தாள். "பெரியவ என் கையால வாங்க மாட்டா. மாப்பிள்ளை கையால குடுத்தா வாங்கிப்பா. அவர்கிட்ட குடு" என்றாள். நான் லாரிக் கொட்டகைக்குப் போய் அத்தானிடம் கொடுத்தேன். அத்தான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். தோடாகவே கொண்டுபோனால் உனக்குத் தெரிந்துவிடும் என்று மூக்குத்தியாக மாற்றச் சொன்னார். தண்டுக்கும் திருகாணிக்கும் வேண்டிய தங்கத்தை அவரே வாங்கினார். "கல்லு உங்க அம்மாவோடது. அது கீழ விழாம நிக்கறது என்னோடதா இருக்கட்டும்" என்று சொன்னார்.

நீ அதைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டிய பிறகு நான் அவரிடம் கேட்டேன், எப்போது சொல்வது என்று. "அவ கேட்டா சொல்லு. கேக்காம சொல்லாத" என்றார்.

நீ கேட்கவேயில்லை, அக்கா. எடுத்தாய், எடுத்தாய் என்றுதான் சொன்னாய். நாற்பத்தாறு வருடத்தில் போன மார்ச்சில்தான் முதன்முதலாக, இது என்ன என்று கேட்டாய்.

கேட்ட பிறகும் ஏன் இத்தனை நாள் என்றால், அத்தான் உன் கண்ணில் ஒரு பிடி குறைந்துவிடுவாரோ என்று பயம். என்னைத் திருடி என்று நீ நினைப்பது எனக்குப் பழகிவிட்டது.

உன் கண்ணாடியம்மாவுக்குத் தனித் தாளில் சாட்சி எழுதி வைத்திருக்கிறேன். அதில் பொய் ஒரு வரி கூட இல்லை. கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

உன் சின்னவள்


மே 29

குருவிக்கு,

எப்படி இருக்கிறாய்? உண்மையாகவே கேட்கிறேன், இந்த முறை முழங்காலைப் பற்றி விரிவாக எழுது.

பதில் தாமதம் என்று நினைத்திருப்பாய். கோபத்தில் இருந்தேன். அம்மா மேல் கோபப்படலாம் என்றால் செத்துவிட்டாள். அவர் மேல் படலாம் என்றால் அவரும் போய்விட்டார். மூன்று பேர் சேர்ந்து என்னை ஏமாற்றியதில் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான், அதனால் மூன்று பங்கும் உன் மேலேயே கோபப்பட்டேன். பத்து நாள் ஆனது தீர. இந்த வீட்டு நகை என் உடம்பில் ஏறாது என்று சபதம் போட்டுவிட்டு அதையே மூக்கில் குத்திக்கொண்டு ஊர் முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன். அம்மா மேலே உட்கார்ந்து எத்தனை சிரித்தாளோ.

ஆனால் ஒன்று. அம்மா அவரை மாப்பிள்ளை என்றா சொன்னாள்? லாரிக்காரன் என்று சொல்லவில்லையே? அந்த வரியை ஏழு தடவை படித்தேன். கண் சரியில்லையோ என்று பேத்தியை விட்டும் படிக்கச் சொன்னேன். அவளும் மாப்பிள்ளை என்றுதான் படித்தாள்.

சாட்சித் தாளைக் கண்ணாடியம்மாவிடம் நானே கொடுத்தேன். நின்றபடி ஒரு முறை படித்தாள், உட்கார்ந்து ஒரு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், கண்ணையும் துடைத்தாள். அப்புறம் நோட்டில் தாதி என்ற வரிக்கு நேரே "சிவப்புக் கல் ஒன்று, சாட்சி உண்டு" என்று எழுதிக்கொண்டாள். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றாள். பரவாயில்லை என்று வாய் சொன்னது. அவள் சொன்னதை நான் மறக்கப் போவதில்லை, உனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை காட்சி. கோட்டை வாசலில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். யாராவது தகுதிக்கு மீறி நகை போட்டிருந்தால் காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே வைத்துக் கேட்பான். பார்க்க வந்தவர்களுக்கு அதுவும் ஒரு வேடிக்கை. காவல்காரன் வாடகைக்குப் பந்தல் போடுகிறவர், நல்ல குரல். "தாதியே, குதிரைக்காரன் பெண்டாட்டிக்குச் சிவப்புக் கல் ஏது? யார் கொடுத்தது?" என்று கேட்டார். ஆயிரம் பேரும் என் மூக்கைப் பார்த்தார்கள். எசமானி கொடுத்தது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"கல்லு எசமானி குடுத்தது. திருகாணி என் குதிரைக்காரன் வாங்கினது. ரெண்டையும் சேத்து வெச்சது என் தங்கச்சி" என்றேன்.

பந்தல்காரருக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. ஈட்டியை எடுத்து வழிவிட்டார்.

உள்ளே சபை எழுந்தது. ராஜா குனிந்தார். நாலு வரியையும் தடங்கலில்லாமல் சொன்னேன். அவர் எழுந்திருக்கும்போது என் காதருகில் "பாத்து எறங்குங்க, பாட்டி" என்றார், பழக்கதோஷம்.

அடுத்த வருடத்திலிருந்து சாட்சி தாளில் வந்தால் போதாதாம், நேரில் வர வேண்டுமாம். கண்ணாடியம்மா புதிதாக எழுதியிருக்கிறாள். நான் சொல்லித்தான் எழுதினாள். தாதிக்கு ஒரு தங்கை இருந்தால் அவளுக்கும் கண்ணாடி மணி இரண்டு சரம் போடலாம் என்றும் இருக்கிறது.

தோட்டுக் கணக்கைத் தீர்த்துவிட்டேன். குடையை மறக்கவில்லை.

உன் அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தின் முதல் வார்த்தையைத் தாண்ட எனக்கு நெடுநேரம் ஆனது. குருவி என்று நீ கூப்பிட்டபோது எனக்கு இருபது வயது கூட இல்லை. இப்போது குருவிக்கு இறக்கையும் இல்லை, முழங்காலும் இல்லை.

விரிவாக எழுதச் சொன்னாய். இடது முழங்கால் மடங்கினால் நிமிர மாட்டேன் என்கிறது, வலது நிமிர்ந்தால் மடங்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் நேற்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் இறங்கிப் பார்த்தேன். நாற்பது நிமிடம். கீழே நின்று தெருவைப் பார்த்துவிட்டு மகனை வரச் சொல்லி ஏறினேன். இறங்க முடிகிறது, அக்கா. அது போதும். அடுத்த வருடம் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? அடுத்த மாதம் மகன் ரயிலில் ஏற்றிவிடுகிறேன் என்றிருக்கிறான். ஒரு மாதம் இருப்பேன். கண்ணாடி மணியை எடுத்து வை.

அங்கே மழைக்காலம் தொடங்கியிருக்கும். குடை கொண்டுவருகிறேன். கம்பி இரண்டு புதிதாகப் போட்டேன், துணி ஒரு முறை மாற்றினேன். பறவைத் தலை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆமாம், அதை நான்தான் எடுத்தேன்.

உன் குருவி